சனிக்கிழமைச் சிப்பாய்

கவுலூன் சிட்டி, ஹாங்காங்
1970 அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி விங்ஹோன் எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு மழை வந்துபோகிறது. அத்தான் சுகமா? லிவர்பூலில் குளிர் தொடங்கியிருக்கும். போன தடவை அனுப்பிய கம்பளி பனியனை அம்மா இன்னும் கட்டிலுக்கடியில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு செய்தி சொல்கிறேன். கத்தாதே. கத்தினாலும் கடல் தாண்டி இங்கே கேட்காது. நான் துணை விமானப்படையில் சேர்ந்துவிட்டேன்.

வேலையை விடவில்லை, பயப்படாதே. வாரம் முழுக்க பஸ் கம்பெனிப் பட்டறையில் எப்போதும்போல கிரீஸ் பூசிக்கொண்டுதான் இருப்பேன். புதன்கிழமை சாயங்காலமும் சனி ஞாயிறும் மட்டும் காய் டாக் விமான நிலையத்து ஓரத்தில் இருக்கிற படைக் கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே எல்லாருமே இப்படித்தான். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் மீன் மண்டியில் கணக்கர். என்னைக் கேள்வி கேட்ட சார்ஜென்ட் லோ வார நாளில் வங்கிக் குமாஸ்தா.

"எதுக்குய்யா சேரணும்?" என்று கேட்டார்.

"எங்க மொட்டைமாடிக்கு மேலதான் சார் விமானமெல்லாம் இறங்குது. சின்னப் பிள்ளையில இருந்து அடியில நின்னு பார்த்துட்டேன். ஒரு தடவை மேல இருந்து பார்க்கணும்" என்றேன்.

பக்கத்திலிருந்த வெள்ளைக்கார அதிகாரிக்கு அதை அவர் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் இங்கிலாந்து ராணி படத்துக்கு முன்னால் கையைத் தூக்கி உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். முடிந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? விமானம் தலைக்கு மேல் வரும்போதெல்லாம் அம்மா, "சட்டியை மூடு, சக்கரத் தூசி கஞ்சியில விழும்!" என்று கத்துவாள். நீ துணி காயப்போடும் மூங்கிலில் அடுத்த வீட்டு மாமியின் பாவாடையைக் கட்டி விமானிக்குக் கொடி காட்டுவாய். அடி மட்டும் எனக்கு விழும்.

அம்மாவிடம் சொல்லவில்லை. புதன் ராத்திரியும் சனி ஞாயிறும் ஆங்கில வகுப்பு என்று சொல்லியிருக்கிறேன். நீயும் உளறிவிடாதே.

உன் தம்பி,
விங்ஹோன்


லிவர்பூல்
1970 நவம்பர் 3

அருமைத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே சுகம். அத்தான் கடையில் நின்று நின்று தோள்பட்டை இறுகிவிட்டது என்கிறார், அதனால் பாதி நேரம் மீன் பொரிப்பது நான்தான். அம்மாவின் முழங்காலுக்கு இஞ்சியைச் சூடாக்கிக் கட்டு. பனியனைப் போட்டுக்கொள்ளச் சொல். அழகு பார்க்கவா அனுப்பினேன்?

கத்தத்தான் செய்தேன். கடையில் வரிசையில் நின்ற வெள்ளைக்காரி பயந்துபோய், "எண்ணெய் பட்டுடுச்சா?" என்று கேட்டாள்.

உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "சனிக்கிழமைச் சிப்பாயா? அப்ப ஞாயித்துக்கிழமை சரணடைஞ்சிருவானா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். இரண்டு நாளாக வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விளையாட்டு போகட்டும். உனக்காக இங்கே வேலை அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கிறோம் என்பது உனக்குத் தெரியும். அடுத்த வருஷம் கிடைத்துவிடும் என்கிறார்கள். நீ வந்தால் கடையின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொள்வாய், எங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். இந்த நேரத்தில் எதற்குப் புதிதாக ஒரு கட்டு?

சேர்ந்தது சேர்ந்துவிட்டாய். எந்திரத்தை மட்டும் பார். தரையில் இரு. உனக்கு ஸ்பேனர் பிடிக்கத்தான் தெரியும், அதைப் பிடி.

மாமி பாவாடை விஷயத்தில் எனக்கும் அடி விழுந்தது. நீ பார்க்கவில்லை, அவ்வளவுதான். இங்கே வானத்தில் விமானம் போனால் புள்ளியாகத்தான் தெரிகிறது. சத்தமும் இல்லை. முதல் வருஷம் அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கமே வரவில்லை என்றால் நம்புவாயா?

அக்கா,
புய்லின்


கவுலூன் சிட்டி
1970 டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். அம்மா பனியனைப் போட்டுக்கொண்டாள், போட்டுக்கொண்டு மாடி மாடியாகப் போய்க் காட்டிவிட்டும் வந்தாள். அத்தானின் தோள்பட்டைக்குப் பாம்பு எண்ணெய் ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன், கப்பலில் வரும்.

இரண்டு மாதமாக நான் செய்த ராணுவ சேவை என்ன தெரியுமா? கொட்டகையைப் பெருக்கியது. பல் டாக்டரும் நானும் ஒரே துடைப்பத்துக்குச் சண்டை போடுவோம். அவர் ஃபிளையிங் கிளப்பில் ஏற்கெனவே ஓட்டக் கற்று, படையில் விமானி ஆக வேண்டும் என்று வந்தவர். "வாரம் பூரா ஊரான் வாயைப் பார்க்கறேன்டா. ஞாயித்துக்கிழமையாவது மேகத்தைப் பார்க்கலாம்னு வந்தா, தரையைப் பார்க்க விட்டுட்டாங்க" என்று புலம்புவார். அவர் பெயர் டெங். நல்ல மனுஷர்.

சீருடையைக் கீழ்த் தெருத் தையற்காரர் ஃபோக் மாமாவின் கடையில் ஒளித்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் அங்கே போய் மாற்றிக்கொண்டு போவேன். அதிலும் வம்பு வந்துவிட்டது. போன மாதம் அம்மா என்னை உட்காரவைத்துக் கேட்டாள்.

"பொண்ணு யாரு?"

"எந்தப் பொண்ணும்மா?"

"இங்கிலீஷ் படிக்கப் போறவன் எதுக்குடா தலைக்கு எண்ணெய் தடவிச் சீவிக்கிட்டுப் போறே? ஃபோக் மகளா? அவளுக்குக் கண்ணு ஒரு மாதிரி இருக்குமே. பரவாயில்ல, கை சுத்தமான குடும்பம்."

நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். இப்போது அம்மா ஃபோக் மாமாவுக்கு வாரம் ஒருமுறை எள் உருண்டை கொடுத்தனுப்புகிறாள். அவரும் வாங்கித் தின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்.

இனிமேல்தான் முக்கியமான செய்தி. போன ஞாயிறு என்னை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காலுக்குக் கீழே ஊர் ஓடுகிறது. திரும்பி வரும்போது கவுலூன் சிட்டிக்கு ஓரமாக வந்தோம். நம் மாடியைக் கண்டுபிடித்துவிட்டேன் அக்கா! தண்ணீர்த் தொட்டி, கருவாடு காயும் கொடி, அதற்குப் பக்கத்தில் அம்மா. சத்தம் கேட்டதும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஓடிப்போய்ச் சட்டியை மூடினாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. அந்த நேரம் நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

தம்பி,
விங்ஹோன்


லிவர்பூல்
1971 பிப்ரவரி 2

அருமைத் தம்பிக்கு,

பன்றி வருஷம் உங்களுக்கு நல்லபடியாக விடியட்டும். அம்மா காலில் விழுந்து கும்பிட்டதாகச் சொல். இங்கே இருவரும் இருக்கிறோம். பாம்பு எண்ணெய் வந்தது, நாற்றம் தெருவரைக்கும் போகிறது. அத்தானுக்குக் கை கொஞ்சம் மரத்துப்போகிறது, கரண்டி நழுவுகிறது. குளிர்தான் காரணம் என்கிறார்.

புத்தாண்டுக்கு முள்ளங்கிக் கட்டி செய்தேன். இங்கத்து முள்ளங்கி தண்ணீராக இருக்கிறது, அரிசி மாவும் சரியில்லை. வெந்து வந்ததைப் பார்த்து அத்தான், "இதைச் செவுத்துல வச்சுப் பூசலாம்" என்றார். ஆனாலும் தின்று தீர்த்தோம். அம்மா அடுக்குச் சட்டியைத் திறக்கும்போது ஆவியோடு வருகிற உலர்ந்த ஆரஞ்சுத் தோல் மணம் இருக்கிறதே, அதை மட்டும் எந்தக் கப்பலும் கொண்டுவராது.

உன் கடிதத்தில் மாடியைப் பற்றி எழுதியதை நாலைந்து தரம் படித்தேன். அம்மாவை மேலிருந்து பார்த்த ஒரே ஆள் நீதான்.

வேலை அனுமதி வந்துவிட்டது. இந்த வருஷம் முடிவதற்குள் நீ வந்து சேர வேண்டும், இல்லையென்றால் செல்லாமல் போய்விடும். எப்போது கிளம்புவாய் என்று எழுது.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஹெலிகாப்டர் கடல் மேலேயும் போகுமா?

அக்கா,
புய்லின்


கவுலூன் சிட்டி
1971 ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. இருவரும் சுகம். அத்தானின் கை எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டச் சொல்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ராணி பிறந்தநாள் அணிவகுப்பில் நாங்களும் நடந்தோம். டெலிவிஷனில் காட்டுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மா கூ மாமி வீட்டில் பூசணி விதை கொறித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"அதோ அந்தப் பையனுக்கு என் மகன் மாதிரியே காது விரிஞ்சிருக்கு பாரு" என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த நொடி, "ஐயோ, என் மகன்தான்டீ!" என்று எழுந்து டெலிவிஷன் பெட்டியைப் பிடித்துக்கொண்டாளாம்.

வீட்டுக்கு வந்தபோது அடி விழும் என்று நினைத்தேன். சும்மா உட்கார்ந்திருந்தாள். "அப்ப ஃபோக் மகள் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். கொடுத்த எள் உருண்டைகளை நினைத்திருப்பாள் போலிருக்கிறது. அப்புறம், "கடல் மேல போவியா?" என்றாள்.

நீ கேட்டதையே அவளும் கேட்டாள். இல்லை, நான் மெக்கானிக், தரையில்தான் வேலை என்று சொல்லிவிட்டேன்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். என்னைப் பறக்கும் குழுவில் எடுத்துவிட்டார்கள். பட்டறை வேலையில் எனக்குத் தோள் பலம் இருக்கிறது என்று சார்ஜென்ட் லோ பார்த்திருக்கிறார். டெங் விமானி ஆகிவிட்டார், நான் அவர் வண்டியில் கயிற்று ஆள். ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் நிற்கும், நான் இடுப்பில் வார் கட்டிக்கொண்டு கம்பிக் கயிற்றில் கீழே இறங்கி, ஆளைக் கட்டிப்பிடித்து மேலே கொண்டுவர வேண்டும். தீவுகளில் இருந்து பிரசவ வலியோடு வருகிற பெண்களையும் கை கால் முறிந்த கிழவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம்.

முதல் தடவை கடலுக்கு மேல் தொங்கியபோது பயமே வரவில்லை அக்கா. ஏதோ தெரிந்த இடத்துக்கு இறங்குகிறமாதிரி இருந்தது.

லிவர்பூல் பயணத்தைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

தம்பி,
விங்ஹோன்


லிவர்பூல்
1971 மே 8

தம்பிக்கு,

சுகம். அம்மாவைக் கவனித்துக்கொள்.

கயிற்றில் இறங்காதே. படையில் இருக்க வேண்டும் என்றால் இரு, கொட்டகையைப் பெருக்கு, எந்திரம் துடை. கடலுக்கு மேல் வேண்டாம். காரணம் கேட்காமல் அக்கா சொன்னதைக் கேள். சீக்கிரம் கிளம்பி வா.

புய்லின்


கவுலூன் சிட்டி
1971 மே 20

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதம் எனக்குப் புரியவில்லை. அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஒரு கேலி இல்லை. இது நீ எழுதியதுதானா என்று கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காரணம் கேட்காதே என்று சொல்ல நான் என்ன இன்னும் கோவணம் கட்டின பயலா? நான் செய்கிற வேலையில் எனக்குப் பெருமையாக இருக்கிற ஒன்றே ஒன்று இதுதான். காரணத்தைச் சொல், கேட்கிறேன்.

விங்ஹோன்


கவுலூன் சிட்டி
1971 ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பதிலே இல்லையே. என் பேச்சு சுருக்கென்று பட்டிருந்தால் மன்னித்துவிடு. நீயும் அத்தானும் நலமாக இருக்கிறோம் என்று ஒரு வரி போடு, போதும். அம்மா தபால்காரனைப் பார்த்தாலே கதவுக்கு வந்துவிடுகிறாள்.

தம்பி


லிவர்பூல்
1971 ஜூலை 6

அருமைத் தம்பிக்கு,

எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. வீட்டில் கொஞ்சம் வேலை சேர்ந்துவிட்டது. அதோடு, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அப்பா மணிலாவில் காய்ச்சல் வந்து சாகவில்லை.

நாம் அப்போது சூங் சாவ் தீவில் இருந்தோம். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு இரண்டுகூட நிறையவில்லை. புயல் வருகிறது என்று படகெல்லாம் துறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்பாவின் படகு கடைசியாக வந்தது. பாய்மரம் முறிந்து, துறை வாய்க்கு வெளியே இருக்கிற பாறையில் படகு மாட்டிக்கொண்டது. படகில் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும்.

நாங்கள் கரையில் நின்றோம். முகம் தெரிகிற தூரம். அப்பா போட்டிருந்த நீலச் சட்டை தெரிந்தது. ஊர் ஆண்கள் கயிறு எறிந்தார்கள், எட்டவில்லை. படகு தள்ளிப் பார்த்தார்கள், அலை திருப்பி அடித்தது. பகல் முழுக்க நின்றோம். அம்மா கத்தவில்லை, அழவில்லை. நீ அவள் முதுகில் துணிக்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். சாயங்காலம் பார்த்தபோது பாறை மட்டும் இருந்தது.

அதற்கப்புறம் அம்மா அந்தத் தீவில் ஒரு மாதம்கூட இருக்கவில்லை. "தம்பிக்கு இது தெரிய வேண்டாம், கடலைப் பார்த்து வளர வேண்டாம்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கவுலூனுக்குக் கூட்டிவந்தாள். கல்லறைத் திருநாளில் மாடியில் செத்தவர்களுக்காகக் காகிதம் கொளுத்தும்போது, "மணிலா அந்தப் பக்கம்" என்று ஒரு திசையைக் காட்டுவாளே, அது சூங் சாவ்.

அவள் உன்னிடம் கேட்டதற்கும் நான் கேட்டதற்கும் இதுதான் காரணம். இனி முடிவு உன்னுடையது.

அக்கா,
புய்லின்


கவுலூன் சிட்டி
1971 ஆகஸ்ட் 22

சௌபாக்கியவதியான புதல்வி புய்லினுக்குத் தாயார் எழுதுவிப்பது. சந்தைப் படிக்கட்டின் கீழ் அமர்ந்து கடிதம் எழுதித் தரும் பாங், அம்மையார் சொல்லச் சொல்ல ஓர் எழுத்தும் விடாமல் எழுதுகிறேன். இவ்விடம் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தை அறிய ஆவல்.

"க்ஷேமம்னு எழுதாதீங்க ஐயா. க்ஷேமமா இருந்தா நான் எதுக்கு முழங்கால இழுத்துக்கிட்டு உங்ககிட்ட வரேன்?"

புய்லின், போன வாரம் பெரிய புயல் அடிச்சுது. நம்ம மாடித் தகரம் பறந்து போயிடுச்சு. புயல் சிக்னல் போட்டதுமே தம்பி கிளம்பிட்டான். "தரையிலதானே வேலை?"ன்னு கேட்டேன். என் முகத்தப் பார்த்து, "இல்லம்மா. கயித்துல இறங்கற வேலை. அக்கா எனக்கு எல்லாம் எழுதிட்டா"ன்னான். நான் கதவ மறிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். அப்புறம் என்னமோ, கால் தானா நகர்ந்துக்கிச்சு.

மறுநாள் காத்து கொஞ்சம் அடங்கினப்புறம் கிழக்குப் பக்கத் தீவு ஒண்ணுல மீன்பிடிப் படகு பாறையில ஏறிடுச்சுன்னு கூப்பிட்டிருக்காங்க. இவங்க போயிருக்காங்க. படகுல நாலு பேர். மூணு பேரை மேல எடுத்துட்டான் நம்ம பையன். நாலாவது ஆளை எடுக்க முடியல.

வீட்டுக்கு வந்து சோத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தான். "ஒருத்தர விட்டுட்டு வந்துட்டேன்மா"ன்னு மட்டும் சொன்னான். பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டேன். ரெண்டு பேருமா கொஞ்ச நேரம் அழுதோம். "இதை எழுத வேண்டாம் ஐயா. எழுதிட்டீங்களா? அட, என்ன மனுஷர் நீங்க! சரி, இருக்கட்டும்."

இப்ப சனி ஞாயிறும் வீட்டுலேயே கிடக்கான். டெங் டாக்டர் தேடி வந்தாரு, பார்க்க மாட்டேன்னுட்டான். உனக்கு எழுதறதா சொல்லியிருக்கான்.

மாப்பிள்ளைக்கு வலது பக்கம் விழுந்துபோனதை அவன்கிட்ட நான் சொல்லல. நீ எனக்குன்னு தனியா எழுதி, சொல்லக் கூடாதுன்னியே. ஆனா புய்லின், கையும் வராம பேச்சும் குழறிப்போய்க் கிடக்கற மனுஷனை வச்சுக்கிட்டு அந்தக் கடையை நீ ஒத்தையா எத்தனை நாளைக்கு இழுப்பே? அவன் அங்க வந்துட்டா உனக்கும் துணை ஆச்சு, எனக்கும் அவன் கடல் பக்கம் போக மாட்டான்னு நிம்மதி ஆச்சு. நான் இங்க எப்படியோ இருந்துக்குவேன். நீயே ஒரு வார்த்தை சொல்லு.

இப்படிக்குத் தாயார். அம்மையாருக்காகக் கண்ணீர் மல்க எழுதியவன் பாங்.

"உங்க கண்ணீர யாரு கேட்டா?"


கவுலூன் சிட்டி
1971 செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் கேட்டு எழுதுகிறேன். அத்தானுக்கு என் வணக்கம்.

அம்மா உனக்கு எழுதிவிட்டாள் என்று தெரியும். அவள் பார்க்காததை நான் சொல்கிறேன்.

டெங்தான் ஓட்டினார். காற்று எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து பாறையில் கிடந்தது. நான் இறங்கினேன். மேல்தளத்தில் நாலு பேர். படகுக்காரர் ஐம்பது வயசு ஆள். வாரை அவர் இடுப்பில் மாட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டு, "மச்சானை முதல்ல கொண்டுபோ. அவனுக்கு நீந்தத் தெரியாது" என்றார். திரும்ப இறங்கினேன், கூலிக்கு வந்த ஆளை என் பக்கம் தள்ளிவிட்டார். மூன்றாம் தடவை சமையற்காரரை. அதற்குமேல் வண்டி தாங்கவில்லை, எண்ணெயும் இல்லை. "இவங்களைக் கரையில விட்டுட்டு உடனே வரேன், கெட்டியாப் பிடிச்சுக்குங்க!" என்று கத்தினேன். அவர் பதில் ஏதோ சொன்னார். சிரித்த மாதிரிதான் இருந்தது.

கரை பக்கம்தான். இறக்கி, அங்கே எங்கள் படை வைத்திருக்கிற பீப்பாயில் இருந்து எண்ணெய் நிரப்பிக்கொண்டு திரும்பினோம். படகும் இல்லை, அவரும் இல்லை. டெங் வட்டம் போட்டார், மறுபடி வட்டம் போட்டார். எண்ணெய் தீரும்வரைக்கும் சுற்றினோம்.

கரையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள் அக்கா. முதலில் மூன்று பேரை இறக்கியபோது ஒவ்வொரு முகமாகப் பார்த்தவள். திரும்பி வந்து இறங்கியபோது வண்டியின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வரவில்லை. உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

அப்பாவுக்குச் செய்ய முடியாததை நான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் அன்றைக்குப் போனேன். இப்போது அந்த நினைப்பே கூச்சமாக இருக்கிறது. சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன். அனுமதி இந்த வருஷம் முடியும்வரை செல்லும் என்றாயே. லிவர்பூல் வருகிறேன். மீன் பொரிக்கிறேன். அதுவாவது கையை விட்டுப் போகாது.

தம்பி,
விங்ஹோன்


லிவர்பூல்
1971 செப்டம்பர் 18

அருமைத் தம்பிக்கு,

உன் கடிதமும் அம்மா கடிதமும் வந்தன. இங்கே எல்லாம் சுகம்.

நீ லிவர்பூல் வருகிறேன் என்று எழுதிய வரியைக் கடையில் நின்றபடியே படித்தேன். ஒரு வருஷமாக அந்த ஒரு வரிக்குத்தான் காத்திருந்தேன். சட்டியில் மீன் கருகிப்போனது.

இப்போது சொல்கிறேன், வராதே.

நீ கரையில் நின்ற அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறாய். அவளைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் நின்ற இடம் அது.

அன்றைக்குக் கயிறு எறிந்தவர்கள் கை ஓய்ந்து ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். யார்மேலும் தப்பில்லை, அவர்களுக்கும் வீடு பறந்துகொண்டிருந்தது. நான் கடலைப் பார்த்தேன், பாதையைப் பார்த்தேன், துறையைப் பார்த்தேன். யாராவது வருவார்களா என்று. வானத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. வானத்தில் இருந்து மனுஷர் வருவார் என்று அந்த நாளில் யாருக்குத் தெரியும்? இத்தனை வருஷத்தில் எனக்கு மறக்காதது அப்பா போனது இல்லை. அந்தப் பகல் முழுக்க யாரும் வராததுதான்.

அந்தப் பெண்ணுக்கு அப்படி இல்லை. ஒருவன் வந்தான். காற்றில் ஆடிக்கொண்டு கயிற்றில் இறங்கினான், மூன்று தடவை இறங்கினான். கிடைக்காது என்று தெரிந்த பிறகும் சுற்றிச் சுற்றித் தேடினான். அதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அவள் புருஷனை அது திருப்பித் தராது. ஆனால் அவள் வாழ்நாள் முழுக்க வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.

மிச்சம் மூன்று வீட்டில் அன்றைக்கு உலை வைத்திருப்பார்கள். அந்த வீடுகளில் பன்னிரண்டு வயதில் ஒரு பெண் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், அவள் என்னைப் போல ஆக மாட்டாள்.

காரணம் சொன்னால் கேட்கிறேன் என்றாயே. சொல்லிவிட்டேன். போய்ச் சீருடையைப் போட்டுக்கொள். டெங்கிடம் மன்னிப்புக் கேள், அவருக்கும் அந்தப் படகுக்காரர் முகம் கண்ணில்தான் நிற்கும்.

அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கடைக்கு ஆள் பார்த்துவிட்டேன். உன் அத்தான் சுகம். நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டு உட்கார்ந்துகொண்டு உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா,
புய்லின்


கவுலூன் சிட்டி
1971 நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். மாடிக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று.

அத்தான் சுகம் என்று இனி எனக்கு எழுதாதே. அம்மா சொல்லிவிட்டாள். அவளுக்கும் அடக்க முடியவில்லை, பாங் ஐயாவுக்கும் முடியவில்லை, சந்தை முழுக்கத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு மறைப்பதைத் தவிர வேறு தொழிலே கிடையாதா? நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் பேனா எடுத்தேன். முடியவில்லை.

பஸ் கம்பெனியில் இரண்டு வருஷ லீவு சேர்ந்து கிடக்கிறது. படையின் சரக்கு விமானத்தில் இங்கிலாந்துக்கு இடம் காலியிருந்தால் எங்கள் ஆட்களை ஏற்றிக்கொள்வார்கள். சார்ஜென்ட் லோ பேசிக்கொண்டிருக்கிறார். இடம் கிடைத்தால் புத்தாண்டை ஒட்டி ஒரு மாதம் அங்கே இருப்பேன். நான் பொரிக்கிறேன், நீ தூங்கு. அதற்குள் கடைக்கு நிஜமாகவே ஒரு ஆளைப் பிடிப்போம். அத்தானிடம் சொல், சனிக்கிழமைச் சிப்பாய் வருகிறான், அவர் சரணடையத் தயாராக இருக்கட்டும் என்று.

ஆமாம், திரும்பப் போய்விட்டேன். டெங் ஒன்றும் கேட்கவில்லை. துடைப்பத்தை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

போன ஞாயிறு வாசல் காவலில் இருந்து கூப்பிட்டனுப்பினார்கள். அந்தப் படகுக்காரரின் மனைவி, அன்றைக்குக் கரையில் நின்றவள்தான், வந்திருந்தாள். ஒரு கூடை நிறைய உலர்ந்த இறால். பஸ், படகு எல்லாம் மாறி மாறி வந்திருக்கிறாள். உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து டீ கொடுத்தேன்.

"கயித்துல வந்தது நீங்கதானா தம்பி?" என்றாள்.

"ஆமா."

"எங்க வீட்டுக்காரரு கடைசியா உங்ககிட்டதான் பேசினாராம். என் கூடப்பிறந்தவன் சொன்னான். என்ன சொன்னாரு?"

சொன்னேன். முதலில் மச்சானைக் கொண்டுபோகச் சொன்னதை, கூலிக்கு வந்தவரைத் தள்ளிவிட்டதை, சமையற்காரரின் இடுப்பில் வாரை அவரே இறுக்கிவிட்டதை. ஒன்றும் விடவில்லை. அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கக்கூடச் செய்தாள்.

"அவரு அப்படித்தான் தம்பி. வீட்டுலகூட எல்லாரும் சாப்பிட்டப்புறம்தான் உட்காருவாரு."

தம்பி,
விங்ஹோன்